ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் காணொலி வழி மருத்துவம் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் உங்கள் அம்மா தனியாக இருக்கிறார். வயது 67. பல ஆண்டுகளாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாதம் ஒருமுறை பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்துத் திரும்புவது இப்போது அவருக்கு முடியவில்லை. "இனி வீடியோவிலேயே பேசிக்கொள்ளலாம்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் நீங்கள், இதை நம்பலாமா, குடும்ப மருத்துவர்களின் அனுபவம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நேரில் பார்க்காததால் ஏதாவது ஒன்று கவனத்துக்கு வராமலே முற்றிவிடுமோ என்ற பயம் அது. நியாயமான பயம்தான். ஆகவே அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்ப மருத்துவம் பார்த்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்: சர்க்கரை, அழுத்தம், மூட்டுவலி, வெளியூரில் பிள்ளைகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த நோயாளி, தெரிந்த நோய், புதிய தொந்தரவு எதுவும் இல்லை என்றால் காணொலி போதும். அலைச்சல் மிச்சம் என்பதால் சில வகைகளில் அது நேரில் போவதைவிட நல்லதுகூட. புதிதாக ஏதாவது தோன்றினால் காணொலி போதாது. தொலைபேசி வழியாக நாங்கள் செய்யும் மருத்துவமெல்லாம், நேரில் தொட்டுப் பார்த்தபோது சேர்த்துவைத்த இருப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். அவ்வப்போது நேரில் போய் அந்த இருப்பை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொலைபேசியில் மருந்து சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. லேண்ட்லைன் காலத்திலிருந்தே நடந்துவந்ததுதான். ஆனால் அதற்குச் சட்டத்தில் தெளிவான இடம் இல்லாமல் இருந்தது. 2018-இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பிரசவ அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு, டாக்டர் நேரில் வந்து பார்க்காமல் தொலைபேசியிலேயே மருந்து சொல்லப்பட்டது. அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்களில் பலர் தொலைபேசியில் வாயைத் திறக்கவே அஞ்சினோம். நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளிவந்தன. பதிவுபெற்ற மருத்துவர் எவரும் காணொலி, தொலைபேசி, எழுத்துச் செய்தி ஆகிய எந்த வழியிலும் ஆலோசனை தரலாம். ஆனால் இந்த நோயாளிக்கு இது போதுமா, நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவருடையது. அந்த ஆவணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த ஒரு விதிதான்.

உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும் விதிகளை மட்டும் சொல்கிறேன். ஒரு நோய்க்காக டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காகப் பேசினால் அது தொடர் ஆலோசனை. ஏற்கெனவே எழுதித் தந்த மருந்தைத் தொடரவும், அதே நோய்க்குக் கூடுதலாக ஒரு மருந்து சேர்க்கவும் அதில் இடமுண்டு. முதல்முறை பேசுபவருக்கு எல்லா மருந்தும் எழுத முடியாது. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றை எந்த வழியிலும் சொல்லலாம், வேறு பல மருந்துகளுக்குக் காணொலியில் முகம் பார்த்தாக வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. தூக்க மாத்திரையைத் தொலைபேசியில் கேட்டு டாக்டர் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டு செல்லும், ஆனால் அதில் டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, அம்மாவின் பெயர், வயது எல்லாம் இருக்க வேண்டும். அம்மா அருகில் இல்லாமல் நீங்கள் மட்டும் அவருக்காகப் பேசுவதென்றால், அதற்கு அவருடைய ஒப்புதல் டாக்டரிடம் இருக்க வேண்டும். அடுத்த முறை நேரில் போகும்போது அதைச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

இனி அனுபவம். ஊரடங்கு மாதங்களில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, ஊரடங்கு முடிந்த பிறகும் நிற்கவில்லை. எதிர்பாராத ஒரு நன்மையை அது காட்டியது. நோயாளியின் வீட்டை நாங்கள் பார்க்க ஆரம்பித்தோம். கிளினிக்கில் "மாத்திரை எல்லாம் சரியாகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். காணொலியில் "மாத்திரை டப்பாவைக் கொண்டுவாருங்கள், ஒவ்வோர் அட்டையாகக் காட்டுங்கள்" என்றால் உண்மை தெரிந்துவிடும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் நிறுத்திவிட்ட மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த வலி மாத்திரை ஒன்று நடுவில் கிடக்கும். சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு அந்த டப்பாவில் வேறெதுவும் இருக்காது. இன்சுலினை ஃப்ரிட்ஜின் உறையும் பெட்டியில் வைத்திருப்பதை, மூத்தவர் ஒருவர் கைப்பிடி இல்லாத ஈரக் கிணற்றடியில் குளிக்கப் போவதை, வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் செருப்பில்லாமல் நடப்பதை எல்லாம் திரையில்தான் பார்த்தேன். டாக்டர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும் வழக்கம் போனதோடு எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்ட காட்சிகள் இவை. உங்கள் அம்மாவின் டாக்டர் மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொல்லாவிட்டாலும் நீங்களே காட்டச் செய்யுங்கள்.

நஷ்டம் வேறு இடத்தில் நடக்கிறது. நேரில் வரும் நோயாளியைப் பற்றி, அவர் வாய் திறப்பதற்கு முன்பே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். காத்திருக்கும் இடத்திலிருந்து என் மேசைக்கு நடந்துவரும் நடை, மூச்சு, நாற்காலியைப் பிடித்து உட்காரும் விதம், சேலை தளர்ந்திருப்பது, போன மாதம் கழுத்தோடு இருந்த சங்கிலி இப்போது தொங்குவது. எடை குறைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றிய பிறகுதான் எடைக் கருவியைத் தேடுவேன். திரையில் தெரிவது தாடையும் நெற்றியும்தான். இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. நம் ஊர்ப் பெண்மணிகள், அதிலும் வயதானவர்கள், தங்களை உண்மையில் வருத்தும் விஷயத்தை முதலில் சொல்லமாட்டார்கள். முழங்கால் வலியைச் சொல்வார்கள், தூக்கமின்மையைச் சொல்வார்கள். மருந்துச் சீட்டை வாங்கி எழுந்து கதவுவரை போன பிறகு திரும்பி நின்று, "அப்புறம் ஒன்று, டாக்டர்..." என்பார்கள். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் வந்திருப்பார். தொலைபேசியில் அந்தக் கதவு கிடையாது. "சரி, வைக்கிறேன்" என்று முடிந்துவிடும். இது என் மனப்பதிவு மட்டுமல்ல. ஸ்காட்லாந்துக் குடும்ப மருத்துவர்களிடையே நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தொலைபேசி, காணொலி ஆலோசனைகள் நேர்ச்சந்திப்பைவிடக் குறுகியவையாக இருந்தன. அவற்றில் நோயாளிகள் எடுத்துச் சொன்ன பிரச்சினைகளும் குறைவு. ஆகவே இப்போது ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும், "இன்னும் ஒன்று சொல்ல நினைத்து விட்டது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருக்கிறேன். பல முறை அந்த மௌனத்துக்குப் பிறகுதான் விஷயம் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால், எங்கள் திண்டாட்டம் உங்களுக்குப் புரியும். "கால் வீங்குகிறது, டாக்டர்." இந்த வயதில் மிகச் சாதாரணமாக வரும் புகார். அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கும். அது ஆபத்தில்லை, மருந்தை மாற்றினால் வடிந்துவிடும். நாள் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாலும் வீங்கும். ஆனால் இதயம் பலவீனமாகி நீர் தேங்கினாலும், சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டுப் புரதம் ஒழுக ஆரம்பித்தாலும், காலின் ஆழ்ந்த நாளத்தில் ரத்தம் உறைந்தாலும் இதே வீக்கம்தான். காணொலியில் நான் என்ன செய்ய முடியும்? இரண்டு காலையும் அருகருகே காட்டச் சொல்வேன். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அன்றே நேரில் வர வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து எடுக்கச் சொல்வேன், குழி விழுகிறதா என்று பார்க்க. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, எத்தனை தலையணை என்று கேட்பேன். இவ்வளவும் கேட்ட பிறகும் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, நுரையீரலின் அடிப்பகுதியில் ஈரச் சத்தம் கேட்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இந்த இரண்டும் தெரியாமல் "மாத்திரையால்தான்" என்று சொல்வது ஊகம். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. சரியாக இருந்து இருந்து, தவறாகும் நாளில் எச்சரிக்கை மழுங்கிப் போயிருக்கும். பிரிட்டனில் தொலைவழிக் குடும்ப மருத்துவத்தின் பாதுகாப்பைப் பற்றி 2023-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையொட்டியே சொல்கிறது: கடுமையான பாதிப்புகள் மிக அரிது, ஆனால் நேர்ந்த இடங்களில் நோயின் தீவிரம் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது, அல்லது நேரில் வரச் சொல்வது தாமதமாகியிருந்தது.

சர்க்கரைக்காரரின் பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காணொலியால் அடியோடு முடியாத காரியம் அது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதை ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். உணர்ச்சி போனவருக்கு முள் குத்தினாலும் வலிக்காது. வலிக்காததால் புகாரும் வராது. விரல் இடுக்கும், குதிகால் வெடிப்பும் கேமராவில் நிழலாகத்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது செருப்பைக் கழற்றி மேசையில் காலை வைத்துப் பார்க்கும் டாக்டர் உங்கள் அம்மாவுக்கு வேண்டும். கண்ணும் அப்படியே, ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை. ஆனால் அதற்குத் தொலைவு ஒரு தடையே இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களிலிருந்தே சிற்றூர்களில் கண் மையங்கள் வைத்து நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கருவியால் கண்ணைப் பார்க்கிறார். தொலைவில் இருக்கும் கண் மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்து, நோயாளியிடம் காணொலியில் பேசுகிறார். அது நன்றாக நடப்பதற்குக் காரணம் திரை அல்ல. நோயாளியின் அருகே, கையில் கருவியோடு, என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒருவர் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் ஊரின் துணை சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்கள் இதை வேண்டாம் என்று விடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை, அந்த அளவுகளை உங்கள் டாக்டருக்கே அனுப்பலாம். ஆனால் இரண்டு இடத்து மாத்திரையும் ஒன்றுசேர்ந்துவிடக் கூடாது. மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான 'இ-சஞ்சீவனி'யும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அது 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பகுதி வீட்டிலிருந்து நேரடியாகப் பேசியவை அல்ல. சுகாதார நிலையத்தில் பணியாளர் ஒருவர் உடனிருந்து இணைத்துவிட்டவை.

வீட்டில் எடுக்கும் அளவுகளைப் பற்றி. மேற்கையில் கட்டும் மின்னணு அழுத்தமானி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து இரண்டு முறை எடுக்க வேண்டும். டாக்டருடன் பேசுவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்துக் குறித்தால் போதும். தினமும் எடுத்துப் பதறுவதால் பயனில்லை. வீட்டில் சராசரி 135/85 என்பது கிளினிக்கில் 140/90-க்குச் சமம். ஒரு நாளாவது எழுந்து நின்றபின் ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். சர்க்கரையில் எனக்கு அதிகம் கவலை தருவது உயர்வு அல்ல, தாழ்வு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரை போட்டுக்கொண்டு விரதமும் இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழே இறங்கிவிடும். வயது கூடி சிறுநீரகம் மந்தமானால் இன்னும் எளிதில் இறங்கும். அமாவாசை, கிருத்திகை விரதங்களை அம்மா டாக்டரிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பது 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் தெளிவானது. குளிர்ந்த விரலிலும் அளவு பிசகும்.

இவ்வளவும் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. உறுதியில்லாத இடங்களும் உண்டு. காணொலி ஆலோசனையால் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடுவதில்லை, சிலருக்கு மேம்படுகிறது என்று ஆய்வுகள் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் அத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் அளவு அனுப்பினால் திரும்ப அழைத்துப் பேச ஒரு செவிலியர் இருப்பார். அந்த ஏற்பாடு இல்லாத ஒரு சாதாரண கிளினிக்கில் அதே பலன் கிடைக்குமா என்பது வேறு விஷயம். என் அனுபவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காணொலி ஒத்துவந்தவர்கள்தான் என்னோடு தொடர்கிறார்கள். ஒத்துவராமல் அமைதியாக வேறு இடம் போனவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர் வரும் செயலிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு சளிக்கோ தோல் அரிப்புக்கோ பரவாயில்லை. பல நோய், பல மருந்து உள்ள உங்கள் அம்மாவுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனென்றால் போன மாதம் அவர் எப்படி இருந்தார் என்பது அந்தப் புதிய முகத்துக்குத் தெரியாது.

சில நேரங்களில் டாக்டருக்குப் போன் செய்வதே தாமதம். நெஞ்சில் பாரம், திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, வாய் கோணல், கை விழுவது, பேச்சுக் குழறல், நினைவு மங்குவது: நேராக 108. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். வெறும் வாயுத் தொல்லை போல, மேல்வயிற்று எரிச்சல் போல, அசாத்தியக் களைப்பு போல வரும். அதற்கு ஈசிஜி வேண்டும், காணொலி வேண்டாம். வாந்தியும் பேதியும் வந்து சாப்பிட முடியாத நாளில் வழக்கமான சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் சிலவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எதை என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி, மாத்திரை டப்பாவில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, உங்களைப் பற்றியது. பிள்ளைகள் மூன்றாவது ஆளாக இணைப்பில் இருப்பது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு மகனோ மகளோ பதில் சொல்லும்போது அம்மா மௌனமாகிவிடுகிறார். சிறுநீர் கசிவு, பிறப்புறுப்பில் அரிப்பு, தனிமையில் அழுவது, இவையெல்லாம் சர்க்கரை உள்ள மூத்த பெண்களிடம் சாதாரணம். மகன் கேட்டுக்கொண்டிருக்கும் அழைப்பில் ஒருபோதும் வெளிவராது. தொடக்கத்தில் உங்கள் கேள்விகளைக் கேட்டுவிட்டு இணைப்பிலிருந்து விலகிவிடுங்கள். மீதி நேரம் அம்மாவுக்கும் டாக்டருக்கும் இருக்கட்டும்.

என்னுடைய நோயாளியாக இருந்தால் உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது இது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வாருங்கள். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை அதோடு வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு தெரிந்தால் அடிக்கடி. நடுவில் உள்ள இரண்டு மாதங்களும் காணொலி. தஞ்சாவூர் தொலைவாக இருந்தால், மன்னார்குடியிலேயே அவசரத்துக்கு நேரில் பார்க்க ஒரு டாக்டரை இப்போதே ஒருமுறை போய்ப் பார்த்து, பழைய சீட்டுகளைக் காட்டி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தஞ்சாவூர் டாக்டரிடம், காணொலிக்கு எந்தக் கிழமை எந்த நேரம் ஒதுக்குகிறார், அவர் ஊரில் இல்லாதபோது யாரைக் கேட்பது என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டணத்தையும் கொடுத்துவிடுங்கள், நேரில் வாங்கும் அதே கட்டணத்தை இதற்கும் வாங்க நெறிமுறை இடம் தருகிறது. கூட்டத்துக்கு நடுவே காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை வைத்துக்கொண்டு சொல்லும் இலவச ஆலோசனையில்தான் பழைய சீட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.